வயலில் கிடைத்த பழைய காசுக்குப் பெயர் கேட்க எங்கே போகலாம்? பி.ஏ.எஸ் சேவை பற்றி

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக நடப்பவர்கள் முதலில் கேட்பது எந்த மெஷின் நல்லது என்று. கொஞ்ச நாளில் இரண்டாவது கேள்வி வந்துவிடும்: கிடைத்த காசு யாருடையது, எந்தக் காலத்தது, யாரிடம் போய்க் கேட்பது? மெஷினுக்கு எக்கச்சக்கமாக வீடியோக்கள் இருக்கின்றன. காசுக்கு என் பதிலை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம், சுருக்கமாக பி.ஏ.எஸ். கெல்டிக் காசோ (ரோமானியர் வருவதற்கு முன்பு இருந்த இனத்தார் அடித்தது) ரோமானியக் காசோ, இதைவிட நல்ல இடம் கிடையாது, செலவும் ஒரு பைசா இல்லை. ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன். அந்த அரை எங்கே போனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: 1997-ல் சில பகுதிகளில் மட்டும் சோதனையாக ஆரம்பித்த திட்டம், 2003-லிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் நடக்கிறது. பிரிட்டிஷ் மியூசியமும் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்துகின்றன. அந்தந்தப் பகுதிக்கு ஃபைண்ட்ஸ் லியாய்சான் ஆபிசர் என்று ஒருவர் இருப்பார், எஃப்.எல்.ஓ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், மொத்தமே சுமார் 40 பேர்தான். நாம் கண்டெடுத்ததை அவரிடம் கொடுத்தால் பார்த்து, எடை போட்டு, படம் எடுத்து, என்னவென்று எழுதி, ஃபைண்ட்ஸ்.ஆர்க்.யூகே என்ற தளத்தில் பதிவு செய்துவிட்டுப் பொருளை நம்மிடமே திருப்பித் தருவார். அப்படி 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அங்கே ஏறியிருக்கின்றன, அதில் ரோமானியக் காசுகள் மட்டுமே லட்சக்கணக்கில். கணக்குத் தொடங்காமலே யாரும் தேடிப் பார்க்கலாம்.

நான் தேடுவது பெரும்பாலும் லெஸ்டர்ஷயர் பக்கம், விவசாயியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய வயல்களில். மற்ற வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறேன், அதனால் ஒப்பிட்டே சொல்ல முடியும்.

படம் எடுத்தால் நொடியில் பெயர் சொல்லும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டிப் பார்த்தேன். இந்தப் பகுதியில் ஆண்ட கொரியல்டாவி இனத்தாரின் சின்ன வெள்ளிக் காசு ஒன்றைக் காட்டியபோது அது இந்தியாவின் ‘கதையா பைசா’ என்ற பழைய நாணயம் என்றது. தேய்ந்துபோன ரோமானியச் செப்புக் காசைக் கிரேக்கத் தீவு ஒன்றின் காசு என்றது. நல்ல நிலையில் இருக்கிற காசுக்கு இந்தச் செயலிகள் ஓரளவு சரியாகவே சொல்கின்றன. ஆனால் ஏலக் கூடத்தில் விற்கிற, எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிற காசைப் பார்த்துப் பழகிய செயலி, 1,700 வருடம் உரமும் உழவும் பட்டு வந்த காசைப் பார்த்தால் திணறிவிடும். அதைவிட முக்கியமாக, அது ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை: இது எங்கே கிடைத்தது?

சமூக ஊடகக் குழுக்கள் இதற்கு எவ்வளவோ மேல். அங்கே உண்மையிலேயே விஷயம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், பத்து நிமிடத்தில் பதில் வரும். ஒரு காசுக்கு மூன்று பேர் மூன்று ராஜாவைச் சொல்வதும் உண்டு, யார் சொன்னது சரி என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. படம் போட்ட கொஞ்ச நேரத்தில் தனிச் செய்தியில் வந்து விலை கேட்கிறவர்களும் இருப்பார்கள். சரி, பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அடுத்த வாரம் அந்தப் பதிவு கீழே போய்விடும், காசு எந்த ஊரில் கிடைத்தது என்ற விவரமும் அதோடு போய்விடும்.

பி.ஏ.எஸ் இங்கேதான் வேறுபடுகிறது. எஃப்.எல்.ஓ கேட்கிற முதல் கேள்வியே இடம்தான். அது வெறும் அலுவலகச் சடங்கு என்று நினைக்கிறவர்கள் பலர். கெல்டிக் காசைப் பொறுத்தவரை இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிட்டனின் கெல்டிக் தங்கக் காசுகளுக்கு மூலம் மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் வெளியிட்ட தங்க ஸ்டேட்டர். ஒரு பக்கம் இலைமாலை சூடிய அப்பல்லோவின் தலை, மறு பக்கம் இரட்டைக் குதிரை பூட்டிய ரதம். அதைப் பார்த்து ‘கால்’ நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கம், அடித்தார்கள், அதைப் பார்த்து பிரிட்டனில் அடித்தார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் முகம் கரைந்து கடைசியில் இலைமாலை மட்டும் மிஞ்சியது, ரதம் போய் ஒற்றைக் குதிரையும் அதன் கீழே ஒரு சக்கரமும் நின்றன. அந்தக் குதிரையைப் பார்த்தால் நம் வாசலில் போடுகிற புள்ளிக் கோலம் மாதிரி இருக்கும்: புள்ளிகள், வளைவுகள், பிறைகள், அவற்றுக்கு நடுவே எங்கேயோ ஒரு குதிரை. முதல் முறை பார்க்கிறவருக்குத் தேய்ந்த சட்டைப் பட்டன் என்றுதான் தோன்றும். கைவினைஞனுக்குக் குதிரை வரையத் தெரியவில்லை என்று பழைய ஆட்கள் எழுதிவைத்தார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். அவன் வேண்டுமென்றே அப்படிச் செதுக்கியிருக்கிறான், ஒரு சென்டிமீட்டர் அகல வெள்ளியில் அத்தனை உயிரோடு ஒரு மிருகத்தைக் கொண்டுவருவது தெரியாதவன் செய்கிற வேலை அல்ல.

இப்போது அந்தச் சின்ன வெள்ளிக் காசுக்கு வருவோம். எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நார்ஃபோக் பக்கம் இருந்த ஐசனிகளும் காட்டுப்பன்றியும் குதிரையும் போட்டார்கள், லிங்கன்ஷயர், லெஸ்டர்ஷயர் பக்கம் இருந்த கொரியல்டாவிகளும் காட்டுப்பன்றியும் குதிரையும் போட்டார்கள். பன்றிப் பக்கம் தேய்ந்து குதிரை மட்டும் பாதி தெரிந்தால், படத்தை வைத்து எந்தச் செயலியாலும் தீர்க்க முடியாது. கிடைத்த இடம் நார்ஃபோக் என்றால் ஐசனி, லிங்கன்ஷயர் என்றால் கொரியல்டாவி என்று ஒரு யூகத்தோடு ஆரம்பித்து, அப்புறம் குதிரையின் தோள், வால், கீழே இருக்கும் புள்ளிகள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். யூகம் பொய்த்தால் அது இன்னும் நல்ல செய்தி. ஓர் இனத்தின் காசு இன்னொரு இனத்தின் நிலத்தில் ஏன் கிடக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது.

மற்ற இனங்களுக்கும் அப்படித்தான். க்ளாஸ்டர்ஷயர் பக்கத்து டொபுன்னிகளின் தங்கத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கிளை நிற்கும். டார்செட் பக்கத்து டுரோட்ரிஜஸ் இனத்தாரின் ஸ்டேட்டர் நல்ல வெள்ளியில் தொடங்கி, வெள்ளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெறும் வெண்கலமாகிவிடும், அதனால் உலோகத்தைப் பார்த்தே காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். கென்ட் பக்கம் கிடைக்கிற பொட்டின் காசுகள் அடித்தவை அல்ல, தகரம் அதிகம் கலந்த வெண்கலத்தை வரிசையாக வார்த்து வெட்டியவை, ஓரத்தில் வெட்டிய தடம் இன்னும் தெரியும். ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாமல் வழுவழுவென்று, மறு பக்கம் மட்டும் குதிரை இருக்கிற 6 கிராமுக்குச் சற்று மேற்பட்ட தங்கக் காசு கிடைத்தால் அது தேய்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள், கால் நாட்டு அம்பியானி இனத்தார் ஜூலியஸ் சீசரோடு போர் நடந்த காலத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து வெளியிட்டது, கடல் தாண்டி நிறைய வந்திருக்கிறது.

எழுத்து இருக்கிற காசுகள் கொஞ்சம் சுலபம். கேமு என்று இருந்தால் கேமுலோடுனம், அதாவது இன்றைய கால்செஸ்டர், குனோபெலின் அரசனுடையது, தங்கமாக இருந்தால் ஒரு தானியக் கதிரும் இருக்கும். அவனுடைய செப்புக் காசுகளில் ஒரு பொறி உண்டு. அவை ரோமானியக் காசு பார்த்துச் செய்தவை, ஸ்பிங்க்ஸ், சிறகுள்ள குதிரை என்று அசல் ரோமானியப் பாணி. தேய்ந்ததை ரோமானியப் பையில் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அதனால்தான் சந்தேகமான செப்பை எல்லாம் எஃப்.எல்.ஓ ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

கெல்டிக் காசுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கெல்டிக் காயின் இன்டெக்ஸ் என்று தனியாக ஒரு பதிவேடு 1960-களிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு காசாகப் படத்தோடு சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இந்தப் பதிவுகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். தென் இங்கிலாந்தில் ஆண்ட ஓர் அரசனின் பெயரை டின்கோமியஸ் என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள், ஏனென்றால் காசுகளில் பெயரின் முன்பாதி மட்டும்தான் தெரிந்தது. 1996-ல் ஹாம்ப்ஷயரின் ஆல்டனில் ஒரு தங்கக் குவியல் கிடைத்தது. அதில் பெயர் முழுதாக இருந்தது: டின்கொமாரஸ். ஓர் அரசனின் பெயரே திருத்தப்பட்டது, டிடெக்டர் வைத்திருந்தவர்கள் மறைக்காமல் சொன்னதால்.

சரி, கொடுக்கும்போது என்ன நடக்கும்? முதலில் மின்னஞ்சலில் பேசி நேரம் வாங்க வேண்டும், அல்லது அவர் உங்கள் கிளப் கூட்டத்துக்கு வரும்போது கொடுக்கலாம். பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தருவார். இடத்தைக் குறைந்தது ஆறு இலக்க கிரிட் எண்ணில், அதாவது வரைபடக் கட்ட எண்ணில், கேட்பார்கள், அது நூறு மீட்டர் சதுரம். எட்டு இலக்கம் என்றால் பத்து மீட்டர், பத்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர். இப்போது கைப்பேசியிலேயே எண் வந்துவிடுகிறது, ஆகவே குழியை மூடுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இடத்தைச் சொன்னால் ஊரே வயலுக்குள் இறங்கிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: பொதுமக்கள் பார்க்கிற பக்கத்தில் துல்லியமான இடம் வராது, ஊர்ப் பெயரும் ஒரு கிலோமீட்டர் சதுர அளவும்தான் வரும், பிரச்சினை வரக்கூடிய இடமாக இருந்தால் அதையும் மறைத்துவிடுவார்கள். உங்கள் பெயரும் வெளியே தெரியாது.

திரும்பி வரும்போது காசோடு ஒரு பதிவு எண் வரும். உலோகம், எடை, விட்டம், இரண்டு பக்கத்து வர்ணனை, எழுத்தில் எவ்வளவு தெரிகிறது, இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது வரை அந்தப் பதிவில் இருக்கும். ரோமானியக் காசு என்றால் பேரரசர், அச்சடித்த ஊர், ஆர்.ஐ.சி என்ற ரோமானியக் காசுப் பட்டியல் நூலின் எண், ரீஸ் காலப் பகுப்பு. இந்த ரீஸ் பகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமானிய பிரிட்டனின் காசுகளை ரிச்சர்ட் ரீஸ் என்ற அறிஞர் 21 காலத் துண்டுகளாகப் பிரித்தார், பேரரசர் பெயர் தெரியாத காசைக்கூட ஒரு துண்டுக்குள் போட்டுவிடலாம். ஒரு வயலில் கிடைத்த எல்லாவற்றையும் இந்த 21 கட்டங்களில் போட்டுப் பார்த்தால் அங்கே ஆட்கள் எப்போது வந்தார்கள், எப்போது பணம் புழங்கியது, எப்போது நின்றது என்று ஓரளவு புரியும். என் வயல்களுக்கு நானே போட்டுப் பார்க்கிறேன், டிடெக்டரைவிட இதுதான் எனக்கு இப்போது அதிக சுவாரஸ்யம்.

ரோமானியக் காசு என்றதும் வெள்ளி டெனாரியஸ், பெரிய செஸ்டெர்டியஸ் என்று கனவு காணாதீர்கள். நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி 3, 4-ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புகள்தான், இங்குள்ளவர்கள் கிராட் என்று சொல்லிக் குப்பை டப்பாவில் போடுகிறவை. அந்த டப்பாதான் என்னைப் பொறுத்தவரை பெரிய பொக்கிஷம். தளத்தில் இருக்கும் ரோமானியக் காசு வழிகாட்டியை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தால் இதில் பாதியை நீங்களே படித்துவிடலாம். தலையில் கூர் கூராகக் கதிர்க் கிரீடம் இருந்து, காசு சின்னதாகச் செப்பாக இருந்தால் பெரும்பாலும் 260-லிருந்து 296-க்குள். பேரரசர் காரகல்லா 215-ல் கொண்டுவந்தபோது அது வெள்ளிக் காசு, ஐம்பது அறுபது வருடத்தில் வெள்ளி சில சதவீதமாக இறங்கிவிட்டது. கால் நாட்டில் தனி அரசு நடத்திய விக்டோரினஸ், டெட்ரிகஸ் இவர்களுடையது கொட்டிக் கிடக்கிறது, அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்த நகல்களும் அப்படியே. நகல் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். சில்லறைத் தட்டுப்பாட்டில் மக்கள் தாங்களே அடித்துக்கொண்டு புழங்கிய காசு அது, அந்தக் காலத்து வாழ்க்கையை அசலைவிட அதிகமாகச் சொல்லும்.

4-ஆம் நூற்றாண்டுக்குப் பின்பக்கப் படம் போதும். இரண்டு சிப்பாய்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பம் என்றால் 330-லிருந்து 335. கம்பம் ஒன்றே ஒன்று என்றால் 335-லிருந்து 341. ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் படம் 330-களைச் சேர்ந்தது. குதிரையோடு விழுந்தவனை ஒரு சிப்பாய் குத்துகிற படம் 348-க்குப் பிறகு வந்தது, அதன் உள்ளூர் நகல்கள் 350-களில் குவிந்தன, சில ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, சிப்பாயின் கால் மட்டும்தான் காசில் விழுந்திருக்கும். அடியில் பி எல் என் என்று மூன்று எழுத்து தெரிந்தால் லண்டன் நாணயச்சாலை, அது 325-ல் மூடப்பட்டது, ஆக அதற்கு முன்பு. இப்படி ஒரு எழுத்தும் தெரியாத காசுக்குக்கூட ஐந்து வருடத் துல்லியத்தில் காலம் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வீட்டில் உட்கார்ந்து தேடுகிறவர்களுக்குத் துணையாக இன்னொரு தளம், அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் ஓ.சி.ஆர்.இ. 40,000-க்கும் மேற்பட்ட ரோமானியப் பேரரசுக் காசு வகைகள் அதில் இருக்கின்றன. பேரரசர்களின் முகங்களை வரிசையாகக் காட்டி அடையாளம் காண உதவுகிற பக்கமும் உண்டு. எழுத்து தெரிகிற காசுக்கு ஓ.சி.ஆர்.இ பிரமாதம். தேய்ந்த காசுக்கு பி.ஏ.எஸ் தான். அங்கே இருக்கிற படங்கள் எல்லாம் நம் காசு மாதிரியே மண்ணிலிருந்து வந்தவை, மூக்கு உடைந்த டெட்ரிகஸுக்கு மூக்கு உடைந்த இன்னொரு டெட்ரிகஸ் அங்கே கிடைப்பான்.

இந்த டப்பாக் காசுகளுக்காக நான் இவ்வளவு பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2003-ல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் சால்க்ரோவில் ஒரு பானை கிடைத்தது, சுமார் 5,000 கதிர்க் கிரீடக் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக. நிபுணர்கள் பிரித்துப் பார்த்தபோது அதில் ஒன்றில் டொமிடியானஸ் என்ற பேரரசனின் பெயரும் முகமும். அவன் பெயரில் ஒரே ஒரு காசு 1900-ல் பிரான்ஸில் கிடைத்திருந்தது, போலியாக இருக்கும் என்று ஒதுக்கியிருந்தார்கள். சால்க்ரோ காசு வந்த பிறகுதான் அப்படி ஒருவன் உண்மையிலேயே பேரரசன் பட்டம் சூடிக் காசடித்தான் என்பது உறுதியானது. விலைக்கு விற்றால் ஒரு பவுண்டு பெறாது என்று நாம் நினைக்கிற வகைக் காசுகளின் நடுவே அவன் இருந்தான்.

குவியல் கிடைத்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 2010-ல் சாமர்செட்டின் ஃப்ரோம் அருகே நடந்ததைச் சொல்ல வேண்டும். டேவ் கிறிஸ்ப் என்பவர் பானையின் வாய் தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு எஃப்.எல்.ஓ-வுக்குத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து அடுக்கு அடுக்காக எடுத்தார்கள். 52,503 காசுகள். அதில் 286-ல் ரோமிடமிருந்து பிரிந்து பிரிட்டனை ஆண்ட காரௌசியஸின் அருமையான காசுகளும் உண்டு, எந்த அடுக்கில் எது இருந்தது என்பதும் தெரியும். அவர் அவசரப்பட்டு வாரியிருந்தால் இந்தக் கணக்கு கிடைத்தேயிருக்காது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. 300 வருடத்துக்கு மேற்பட்ட, தங்கமோ வெள்ளியோ பத்து சதவீதத்துக்குக் குறையாத இரண்டு காசுகள் ஒரே இடத்துக் குவியலிலிருந்து வந்தால் புதையல். செப்புக் காசுகள் என்றால் பத்து. 14 நாட்களுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், எஃப்.எல்.ஓ அதற்கு உதவுவார். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் டிடெக்டரை இறக்கவே கூடாது. ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு, அங்கே பி.ஏ.எஸ் கிடையாது.

இப்போது அந்த அரை மதிப்பெண். முதல் குறை காத்திருப்பு. 40 பேர் இரண்டு நாட்டுக்கும் வேலை பார்க்கிறார்கள், டிடெக்டர் பிடிப்பவர்களோ வருடா வருடம் பெருகுகிறார்கள். காசு திரும்பி வரவும் பதிவு தளத்தில் ஏறவும் மாதக்கணக்கில் ஆகலாம். அவசரக்காரர்களுக்கு இது பொறுக்காது. இரண்டாவது, தளத்தின் தேடல். பல வருடங்களாகப் பல பேர் எழுதிய பதிவுகள் என்பதால் தரம் சீராக இல்லை, பழைய பதிவுகள் சிலவற்றில் படமே இருக்காது. கெல்டிக் காசைத் தேட வேண்டுமானால் இனத்தின் பெயர், காசின் வகைப் பெயர் எல்லாம் முன்பே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும், புதியவர் திகைத்துப்போவார். மூன்றாவதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பலர் சொல்கிறார்கள்: விலை சொல்லமாட்டார்கள். அது அவர்கள் வேலை இல்லை, இல்லாமல் இருப்பதே நல்லது. விலை தெரிய வேண்டும் என்றால் ஏல நிறுவனத்திடம் போகலாம்.

எஃப்.எல்.ஓ-க்கள் எல்லோரும் காசு நிபுணர்கள் அல்ல என்றும் ஒரு புகார் உண்டு. உண்மைதான், கற்கோடரியிலிருந்து இடைக்கால மோதிரம் வரை அவர்களே பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு இரும்புக்கால (அதாவது கெல்டிக்), ரோமானியக் காசுகளுக்கென்றே தனி ஆலோசகர் திட்டத்துக்குள் இருக்கிறார். அப்படி மேலே போய்த் திருத்தப்பட்ட பதிவுகளைத் தளத்திலேயே பார்க்கலாம். தவறாக எழுதியதைத் திருத்திக்கொள்ளும் இடம் என்பதாலேயே எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம்.

தமிழ் வாசகர்கள் பலர் கேட்கிற ஒரு விஷயம், நம் ஊரிலும் ரோமானியக் காசு கிடைக்கிறதே என்பது. ஆமாம், அதே காசுதான். கால் நாட்டு லியோன் நாணயச்சாலையில் அடித்த அகஸ்டஸ், டைபீரியஸ் டெனாரியஸ்கள் பிரிட்டனுக்கும் வந்தன, கொங்கு நாட்டுக்கும் வந்தன. 1898-ல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுகள் எத்தனையோ கைமாறிப் போய்விட்டன, எந்த மணல், எந்த ஆழம், கூட என்ன கிடந்தது என்ற விவரம் இல்லாமல். அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. இந்தத் திட்டம் மாதிரி ஒன்று அங்கே இருந்திருந்தால் சங்க காலத்து வணிகத்தைப் பற்றி இன்று எவ்வளவு தெரிந்திருக்கும்! ஆனால் இங்கே செய்வதை அங்கே போய்ச் செய்ய நினைக்காதீர்கள். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும்.

கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். துடைக்காதீர்கள். எலுமிச்சை, புளி, வினிகர், பல்துலக்கும் பிரஷ் எதுவும் வேண்டாம், மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்கிற வீடியோக்களைப் பார்க்கவே வேண்டாம். 4-ஆம் நூற்றாண்டுச் செப்பில் எழுத்து நிற்பது உலோகத்தில் அல்ல, மேலே படிந்த களிம்பில்தான். அதைச் சுரண்டினால் எழுத்தும் போய்விடும், அப்புறம் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. வெளிர்பச்சையாகப் பொடிப் பொடியாக உதிர்ந்தால் அது மட்டும் வேறு, காசு உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், தனியாக உலர்ந்த டப்பாவில் வைத்து எஃப்.எல்.ஓ-விடம் சொல்லுங்கள். மற்றபடி ஒவ்வொரு காசும் தனிப் பையில், பையின் மேல் எண்ணும் தேதியும் பத்து இலக்க கிரிட் எண்ணும் எழுதி, நில உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தின் நகலோடு கொண்டுபோங்கள். உழவு முடிகிற இலையுதிர் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவருவார்கள், பயிர் நிற்கிற கோடையில் கூட்டம் கொஞ்சம் குறையும். உங்கள் பகுதிக்கு யார் என்பது தளத்தின் தொடர்புப் பக்கத்தில் கவுண்டி வாரியாக இருக்கிறது.